மீன் தொட்டிக் கண்ணாடிக்குக் கருநிறப் பின்புறம்

நெல்லையும் மரக்கறியையும் செய்கை பண்ணும் கமக்காரருட் சிலர், வீட்டு வளவிலே இரண்டொரு சீமெந்துத் தொட்டிகளை அமைத்து, அலங்கார மீன் வளர்ப்பைத் துணைத் தொழிலாகக் கொண்டுள்ளனர். கிணறும் நீரிறைக்கும் யந்திரமும் முன்னரே உள்ள வீட்டில் இத்தொழிலுக்கு வேண்டிய முதல் பெரிதன்று. கப்பி, மொலி, பிளாற்றி, வாள்வால் மீன் ஆகியன குஞ்சு ஈனும் இனத்தனவாதலின் விரைவிற் பெருகுகின்றன. இலங்கையிலிருந்து பிற நாடுகளுக்கு அனுப்பப்படும் அலங்கார மீன்களுட் கப்பிக்கே முதன்மையான இடமுண்டு. வயலில் வேலை குறைந்திருக்கும் காலத்திலும் இத்தொழில் சிறிது பணத்தைக் கையில் தருகின்றது.

எனினும் சீமெந்துத் தொட்டியிற் செம்மையாக வளர்ந்த மீன், விற்பனைக்காகக் கண்ணாடித் தொட்டிக்கு மாற்றப்பட்டதும் நிறம் வெளிறிக் காணப்படுவதைப் பலர் கண்டிருப்பர். முதல் நாள் செந்தணல் போலிருந்த கப்பி மறுநாட் காலை வெளுத்த துணி போலாகின்றது. சில மீன்கள் ஒரு மூலையில் ஒதுங்குகின்றன; சில கண்ணாடியில் மூக்கை முட்டி மேலுங் கீழுமாக ஓடுகின்றன; சில இரவிலே துள்ளி வெளியே விழுந்து இறக்கின்றன. வாங்க வந்தவர் விலையைக் குறைக்கின்றார். மீனுக்கு நோய் கண்டதென்று எண்ணும் வளர்ப்பாளர் கடையில் கிடைத்த மருந்தையெல்லாம் நீரிற் கலக்கின்றார். நோயில்லாத மீன் மருந்தினால் இறக்கின்றது. ஆறு மாத உழைப்பு இவ்வாறு இரண்டு நாளில் வீணாவதற்குக் காரணம் பெரும்பாலும் தொட்டியின் சுவர்களும் அடித்தளமுமேயன்றி வேறன்று. கண்ணாடியின் வெளிப்புறத்திற் கருநிறப் பூச்சொன்றைப் பூசுதல், அல்லது கரும் பொலித்தீன் ஒன்றை ஒட்டுதல், இக்குறைகளுட் பலவற்றை ஏறக்குறையச் செலவின்றியே நீக்கும். அது எவ்வாறு நிகழ்கின்றது என்பதை அறிந்து செய்வோர்க்கு அதன் முழுப் பயனும் கிட்டும். அறியாது செய்வோர் பாதிப் பயனையே பெறுவர்.

மீன் நிறம் மாறுவது எவ்வாறு?

மீனின் தோலிலே நிறந்தாங்கிக் கலங்கள் பலவகையாக உள்ளன. கருநிறத்தைத் தாங்குவன ஒரு வகை. மஞ்சளையும் சிவப்பையும் தாங்குவன வேறு வகை. ஒளியைத் தெறிக்கச் செய்து வெள்ளி நிறத்தையும் நீல மினுக்கத்தையும் தோற்றுவிப்பன மற்றொரு வகை. கருநிறக் கலம் நட்சத்திரம் போலக் கிளைகள் விட்டது. அதனுள்ளே மெலனின் என்னும் கருமணிகள் உள்ளன. அம்மணிகள் கிளைகளெங்கும் பரவி நிற்கும்போது தோல் கருமை கொள்ளும். அவை கலத்தின் நடுவே திரண்டு ஒரு புள்ளியாகும்போது தோல் வெளிறும். கலம் அதே இடத்திலேயே உள்ளது. மணிகளின் இருப்பிடமே மாறுகின்றது. வெயில் கடுமையாகும்போது மிளகாய்ச் செடியின் இலை சுருள்வதும் பொழுது சாய்ந்ததும் விரிவதும் போன்றதே இது. இம்மாற்றம் சில நிமிடங்களிலோ சில மணித்தியாலங்களிலோ நிகழ்ந்து விடும்.

வேறொரு மாற்றமும் உண்டு. வெளிறிய சூழலிற் பல நாள், பல வாரம் வைக்கப்பட்ட மீனில் மெலனினும் குறைகின்றது, கருநிறக் கலங்களின் தொகையும் குறைகின்றது. கரிய சூழலில் இவை அதிகரிக்கின்றன. முதல் வகை மாற்றம் எளிதில் மீளும்; இரண்டாவது மீள்வதற்கு நாட்செல்லும். ஆகவே வாங்குவோர் வரும் நாளன்று அவசரமாகக் கருந்தாள் ஒட்டுபவர், பல வாரம் வெளிறிக் கிடந்த மீனின் பழைய நிறத்தை அன்றே காண முடியாது.

மணிகள் பரவவும் திரளவும் கட்டளை இடுவது மீனின் கண். மேலிருந்து கண்ணில் விழும் ஒளியையும், கீழிருந்து தெறித்து வரும் ஒளியையும் அது ஒப்பிடுகின்றது. கீழிருந்து வரும் ஒளி மிகுதியாயின் தான் வெண்மணலின் மேல் நிற்பதாக மீன் உணர்ந்து வெளிறுகின்றது. குறைவாயின் சேற்றின் மேலோ கருங்கல்லின் மேலோ நிற்பதாக உணர்ந்து கருமை கொள்கின்றது. மூளையும், நரம்பும், கபச்சுரப்பியிலிருந்து வரும் ஓமோன்களும் இதனை நடத்துகின்றன. மெலனின் மணிகளைத் திரளச் செய்யும் ஓமோன் சமன் மீனின் கபச்சுரப்பியிலிருந்து 1983 ஆம் ஆண்டிற் பிரித்தெடுக்கப்பட்டது. விளக்கின் ஒளியைக் கூட்டுவதாலோ குறைப்பதாலோ நிறம் சீராகாது என்பதும் இதனால் விளங்கும். மேலொளி கூடும்போது கீழொளியும் அதே அளவிற் கூடுமன்றோ?

பிரான்சிசு சம்னர் என்னும் அமெரிக்க உயிரியலறிஞர், இத்தாலி நாட்டின் நேப்பிள்சு நகரிலுள்ள ஆராய்ச்சி நிலையத்திலே தட்டைமீன்களை மணல், கூழாங்கல், கறுப்பும் வெள்ளையுமான கட்டங்கள் ஆகியவற்றின் மேல் விட்டு, அவை தம் நிறத்தை மட்டுமன்றிப் புள்ளிகளின் பருமனையுங்கூடத் தளத்துக்கு ஏற்ப மாற்றுவதை நிழற்படங்களுடன் 1911 இல் வெளியிட்டார். இம்மாற்றத்தால் மீனுக்கு உண்டாகும் நன்மையையும் அவர் பின்னர் ஆராய்ந்தார். நுளம்புக் குடம்பிகளைத் தின்னும் சிறு மீன்களுட் சிலவற்றைக் கறுப்புத் தொட்டியிலும் சிலவற்றை வெள்ளைத் தொட்டியிலும் பல வாரம் வைத்துப் பழக்கி, பின்பு இருவகையையும் ஒரே தொட்டியில் விட்டு, மீன் தின்னும் பென்குவின் பறவையை அவற்றினிடையே விட்டார். கறுப்புத் தொட்டியில் வெளிறிய மீன்களும் வெள்ளைத் தொட்டியிற் கரிய மீன்களுமே கூடுதலாக அகப்பட்டன. இம்முடிபு 1934 இல் வெளியாயிற்று. வயலோரக் கால்வாயிற் கொக்கும் மீன்கொத்தியும் மீன் பிடிப்பதைக் கண்ட கமக்காரருக்கு இது வியப்பன்று. கண்ணாடித் தொட்டியிற் கொக்கு இல்லை. எனினும் மீனின் உடல் அதனை அறியாது. மறைவிடம் இல்லாத மீன் எப்போதும் அச்சத்திலேயே வாழ்கின்றது. அச்சமுள்ள மீன் இரை குறைவாக உண்ணும். இரை குறைந்தால் நோய் எளிதிற் பற்றும்.

பின்புறத்திலும் அடித்தளமே முக்கியம்

மேற்கூறியவற்றிலிருந்து ஓர் உண்மை பெறப்படும். கண் ஒப்பிடுவது மேலொளியையும் கீழொளியையுமாதலால், தொட்டியின் அடித்தளமே மீனின் நிறத்தைப் பெரிதும் தீர்மானிக்கின்றது. பின்புறமும் பக்கங்களும் துணை செய்கின்றன. பின்னாலே அழகிய கருந்தாளை ஒட்டிவிட்டு, அடியிலே வெண்மணலைப் பரப்பி வைப்போர் மீன் ஏன் இன்னும் வெளிறியிருக்கின்றது என வியக்கின்றனர்.

மணலே இடாத விற்பனைத் தொட்டிகளில் இக்குறை இன்னும் கூடுதலாகும். கண்ணாடித் தொட்டி உடையாமலிருக்க அதன் கீழே றெஜிபோம் பலகை வைப்பது வழக்கம். வழக்கம் நல்லதே. ஆனால் அப்பலகை பால் போல் வெண்ணிறமானது. வெறுங் கண்ணாடியினூடாக அதுவே மீனுக்கு அடித்தளமாகத் தோன்றுகின்றது. நண்பகல் ஒளியில் இதனிலும் வெளிறிய தளத்தை மீனுக்கு அமைத்துக் கொடுத்தல் அரிது. தொட்டியைப் பலகையின் மேல் வைக்குமுன் அதன் அடிக்கண்ணாடியின் வெளிப்புறத்தையும் கறுப்பாகப் பூசிவிடுதல் சிறந்தது. பூச இயலாதாயின் பலகைக்கும் கண்ணாடிக்கும் இடையிலே கரும் பொலித்தீனைச் சுருக்கமின்றி விரிக்கலாம். இடையில் ஒரு சிறு கல்லேனும் மணலேனும் அகப்படாதவாறு துடைத்துக் கொள்ளல் வேண்டும். 3 அடி நீளமும் 1½ அடி அகலமும் 1½ அடி உயரமுமுள்ள தொட்டி நிரம்பும்போது அதன் நீர் மட்டுமே ஏறக்குறைய 190 கிலோகிராம் நிறையுள்ளது. அந்நிறையின் கீழ் அகப்பட்ட ஒரு கல் கண்ணாடியைப் பிளந்துவிடும். நீர் நிரம்பிய தொட்டியைப் பூச்சுக்காகத் தூக்க முயல்வதும் இக்காரணத்தாலேயே விலக்கத்தக்கது.

மணல் இடுவோர் கருஞ்சரளையைத் தேர்தல் நன்று. சுண்ணாம்புக் கல்லும் சிப்பித் தூளும் கலந்த கடற்கரை மணல் நீரை மேலும் வன்மையாக்கும். யாழ்ப்பாணக் குடாநாட்டுக் கிணற்று நீர் இயல்பாகவே சுண்ணாம்பு மிக்கது. அந்நீர் கப்பிக்கும் மொலிக்கும் ஒத்தது. மென்னீரிற் பழகிய மீன்களுக்கு ஒவ்வாது.

மழைக்காட்டு ஓடைகளில் வாழும் இலங்கை மீன்கள் இவ்விடயத்தில் நல்ல எடுத்துக்காட்டாகும். 1929 இல் தெரணியகலை அவர்கள் விபரித்துப் பெயரிட்ட செரிப் பார்ப் என்னும் செம்மீனும், கரும் பட்டைகளையுடைய கறுப்பு ரூபிப் பார்ப் மீனும் தென்மேற்கு ஈரவலயத்தின் நிழலோடைகளிலே, உதிர்ந்த இலைகள் கிடக்கும் கரிய தளத்தின் மேல் வாழ்வன. இவற்றை வெண்மணலும் நாற்புறக் கண்ணாடியும் உள்ள தொட்டியில் விட்டால் சாம்பல் நிறக் கெண்டை போலவே தோன்றும். கரிய தளமும் கரிய பின்புறமும் அமைத்தாற்றான் ஆண் மீனின் செந்நிறம் வெளிப்படும். சுதேச மீன்களைப் பிடித்தலும் ஏற்றுமதி செய்தலும் சட்டத்தின் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டவையாதலின் ஓடையிற் பிடித்து விற்க எவரும் துணிதலாகாது.

கண்ணாடி கண்ணாடியாகவே நிற்றல்

கருநிறத் தாளைக் கண்ணாடியின் பின்னே தொங்கவிடுவதற்கும், கண்ணாடியோடு ஒட்டிப் பூசுவதற்கும் பெரிய வேறுபாடு உண்டு. பலர் இதனைக் கருதுவதில்லை.

நீர் நிரம்பிய தொட்டியின் முன்னே நின்று அதன் பக்கக் கண்ணாடியை நோக்கினால், அது முகம் பார்க்கும் கண்ணாடி போலப் பளபளத்து, மீன்கூட்டத்தை இரட்டித்துக் காட்டும். நீரிலிருந்து கண்ணாடியைக் கடந்து காற்றுக்குச் செல்லும் ஒளி, மிகச் சரிந்து விழுமாயின் வெளியே செல்லாது முழுவதும் உள்ளே தெறிக்கின்றது. கண்ணாடிக்குச் செங்குத்தான கோட்டிலிருந்து ஏறக்குறைய 49 பாகைக்கு மேற் சரிந்து வரும் ஒளியெல்லாம் இவ்வாறு திரும்பிவிடும். தொட்டியினுள்ளே நிற்கும் மீனுக்கு நான்கு பக்கமும் இத்தகைய முகக் கண்ணாடிகளே. எதிரே வரும் தன் உருவைப் பகைமீன் எனக் கருதி ஃபைற்றர் மீன் செவுளை விரித்துச் சண்டைக்கு நிற்பதும், வேறு மீன்கள் தம் நிழலோடு மணிக்கணக்காக ஓடுவதும் இதனால் நேர்வன.

கண்ணாடிக்கும் தாளுக்கும் இடையே காற்று இருக்கும்வரை இத்தெறிப்பு நீங்காது. பின்னால் இருள் இருக்கும்போது நேராக விழும் ஒளியின் சிறிய தெறிப்புங்கூட இராக்கால யன்னற் கண்ணாடியிற் போலத் தெளிவாகத் தோன்றும். பூச்சோ, இடையிற் காற்றின்றி ஒட்டிய படலமோ கண்ணாடியைத் தொட்டு நிற்குமாயின், அங்கு வரும் ஒளி தெறியாது கருநிறத்தால் உறிஞ்சப்படும். இதனை எவரும் பரீட்சித்துப் பார்க்கலாம். விரலை நீரில் நனைத்துப் பக்கக் கண்ணாடியின் வெளிப்புறத்தில் அழுத்தி, முன்புறமிருந்து நோக்கினால், விரல் தொட்ட இடத்தில் மட்டும் பளபளப்பு அற்றுப்போய் விரல் தெரியும். பூச்சும் அவ்விரல் செய்த வேலையையே கண்ணாடி முழுவதிலும் செய்கின்றது.

பாசி

யன்னலோரம் வைக்கப்பட்ட தொட்டியின் பின்கண்ணாடியில் அல்கா எனப்படும் பச்சைப் பாசி படர்வது வழக்கம். சில வேளை நீர் முழுவதும் பச்சையாகின்றது. பாசிக்கு வேண்டியவை ஒளியும் பசளையுமே. பசளை மீனின் கழிவிலிருந்தும் மிஞ்சிய இரையிலிருந்தும் நைதரசனாகவும் பொசுபரசாகவும் தடையின்றிக் கிடைக்கின்றது. ஒளியை மறைத்தால் ஒளித்தொகுப்பு நடைபெறாது பாசி தளரும். மிளகாய்ப் பாத்தியிற் கரும் பொலித்தீன் மூடுபடை இட்டுக் களையைக் கட்டுப்படுத்தும் கமக்காரர் செய்வதும் இதுவே. ஆயினும் மூன்று பக்கமும் மூடிய பின்பும் நாளொன்றுக்கு நான்கு முறை இரையை அள்ளிக் கொட்டுபவரின் தொட்டியில், மேலிருந்தும் முன்னிருந்தும் வரும் ஒளியே பாசிக்குப் போதும். மூடுதல் பாசியைக் குறைக்கும். நீர் மாற்றுதலுக்கு அது ஈடாகாது.

இதில் ஒரு விலக்கும் உண்டு. குஞ்சு வளர்க்கும் தொட்டியில் பச்சை நீரை வேண்டுமென்றே உண்டாக்கி, அதில் நீர்த்தெள்ளுப் பூச்சிகளைப் பெருக்கிக் குஞ்சுக்கு இரையாக்குவோர் அத்தொட்டியை மூடலாகாது. அவ்வாறே யன்னல் ஒளியை மட்டுமே நம்பி நீர்ச்செடி வளர்ப்போர், ஒளி வரும் பக்கத்தைத் திறந்து வைத்து எதிர்ப்பக்கத்தை மட்டும் மூடுதல் தக்கது.

பூசும் முறை

பூச்சு எப்போதும் கண்ணாடியின் வெளிப்புறத்திலேயே பூசப்படல் வேண்டும். உட்புறத்திற் பூசிய தீந்தை நீரில் உரிந்து மீனுக்கு நஞ்சாகும். தொட்டி வெறுமையாக இருக்கும்போதே வேலையைச் செய்தல் வேண்டும். மீனுள்ள தொட்டியின் அருகே எனாமல் பூசினால் அதன் ஆவி காற்றூதும் பம்பின் வழியே நீரிற் கலந்துவிடும்.

முதலிற் கண்ணாடியைச் சவர்க்கார நீராற் கழுவி உலர்த்துக. பழைய தொட்டியாயின் நீர் வழிந்து காய்ந்த வெண்சுண்ணாம்புக் கறை பின்புறத்திற் படிந்திருக்கும். அதன் மேற் பூசிய பூச்சு நில்லாது. வினாகிரியில் நனைத்த துணியைச் சிறிது நேரம் அதன்மேல் ஒட்டிவைத்துத் துடைத்தாற் கறை கரையும். மூலைகளிலுள்ள சிலிக்கன் பசையின் மேற் பூச்சுப் பற்றாது. அதனை ஒட்டுநாடாவால் மறைத்துக் கொள்ளலாம்.

சுவருக்குப் பூசும் எமல்சன் போதுமானது. அதனைப் பின்னர் சவர அலகினாற் சுரண்டி எடுக்கவும் முடியும். எனாமல் நீண்ட காலம் நிற்கும். மனம் மாறினால் நீக்குவது கடினம். சிறிய உருளைத் தூரிகையால் மெல்லியதாகப் பூசி, காய்ந்த பின் மறுபடியும் பூசுதல் வேண்டும். ஒரே முறையிற் தடிப்பாகப் பூசினால் வழிந்து கோடு விழும். இரண்டு அல்லது மூன்று பூச்சுக்குப் பின் தொட்டியினுள்ளே ஒரு கைவிளக்கை வைத்து இருளில் நோக்கினால் ஊசித்துளைகள் ஒளிப்புள்ளிகளாகத் தோன்றும். அவற்றை அடைத்து, காற்றோட்டமுள்ள நிழலில் ஒரு வாரம் உலரவிட்டு, மணம் முற்றாக நீங்கியபின் நீர் நிரப்பலாம்.

பூச விரும்பாதோர் பொலித்தீனைப் பயன்படுத்தலாம். கண்ணாடியிற் சவர்க்கார நீரைத் தெளித்து, அளவாக வெட்டிய படலத்தை அதன்மேல் வைத்து, நடுவிலிருந்து ஓரம் நோக்கித் தடிப்பான அட்டையால் வழித்து நீரையும் காற்றையும் வெளியேற்றி, ஓரங்களை ஒட்டுநாடாவால் அடைக்க வேண்டும். நீர் காய்ந்து காற்றுக் குமிழ்கள் தோன்றினால் மறுபடி செய்தல் வேண்டும். சவர்க்கார நீருக்குப் பதிலாகக் கிளிசரீனை மெல்லிதாகத் தடவினால் அது எளிதிற் காயாது. மிளகாய்ப் பாத்திக்கு வாங்கிய படலத்தில் எஞ்சிய துண்டு இதற்குப் போதும். ஒரு பக்கம் வெள்ளி நிறமும் மறுபக்கம் கறுப்புமாக உள்ள படலமாயின் கறுப்புப் பக்கமே கண்ணாடியைத் தொடவேண்டும். மாறி ஒட்டினால் மீனுக்குப் பெரிய முகக் கண்ணாடி ஒன்றை வாங்கிக் கொடுத்தது போலாகும்!

பசளைச் சாக்கையும் கிருமிநாசினி வந்த உறைகளையும் இதற்குப் பயன்படுத்தலாகாது. வெளிப்புறத்தில் தானே ஒட்டுகின்றோம் என எண்ணுவது தவறு. அவற்றின் தூளும் நாற்றமும் கையிலும் துணியிலும் பற்றி நீரை அடையும். பைரெத்ரொயிட்டு வகைக் கிருமிநாசினிகள் மனிதருக்கும் கால்நடைக்கும் தரும் தீங்கிலும் மீனுக்குத் தரும் தீங்கு மிகப் பெரிது. மிகச் சிறிய அளவே தொட்டி முழுவதையும் அழிக்கப் போதுமானது. கத்தரிக்குத் தெளித்துவிட்டு வந்த கையை நன்கு கழுவாமல் தொட்டியில் இடுதலும், தெளிகருவிக்கு நீர் அள்ளிய வாளியால் மீனுக்கு நீர் ஊற்றுதலும் கமக்காரர் வீட்டு மீன் தொட்டிக்கு உரிய தனி ஆபத்துகளாம். நுளம்புச் சுருளிலும் அவ்வகை மருந்தே பெரும்பாலும் உள்ளதால், தொட்டியும் காற்றுப் பம்பும் உள்ள அறையில் அதனைக் கொளுத்தாது விடுதல் நன்று. மீனுக்கென ஒரு வாளியும் ஒரு வலையும் தனியே இருத்தல் வேண்டும்.

எந்த நிறம்? எத்தனை பக்கம்?

சிவப்பு, மஞ்சள், செம்மஞ்சள் மீன்களுக்குக் கறுப்பு ஏற்றது. நகைக் கடையிற் பொன்னைக் கரிய வெல்வெற்றின் மேல் வைத்துக் காட்டுவது போல, பார்ப்பவர் கண்ணுக்கும் நிறம் எடுத்துத் தோன்றும். கரிய மொலிக்குக் கறுப்புப் பின்புறம் பொருந்தாது; மீன் இருப்பதே தெரியாது. அதற்கு நடுத்தர நீலம் பொருந்தும். வெளிர்நிறத்துக்கெனத் தெரிந்தெடுத்த மீன் வகைகளுள் கருநிறக் கலமுள்ளவை கரிய தொட்டியில் நெடுநாள் நின்றால் அழுக்கேறியது போற் கருமை கொள்ளலாம். அவற்றைச் சில நாள் வைத்துப் பார்த்தே முடிவு செய்தல் வேண்டும். கருநிறக் கலமே இல்லாத முழுச் செம்பொன் மீன்களிற் பின்புறத்தால் நிறம் மாறாது. அவற்றின் அமைதிக்கே அது உதவும்.

பின்புறம் ஒன்றையும் அடித்தளத்தையும் மூடுதல் எல்லாத் தொட்டிக்கும் பொருந்தும். ஆட்கள் நடமாடும் விறாந்தையிலோ, பூனை வந்து நிற்கும் இடத்திலோ உள்ள தொட்டிக்கு இரு பக்கங்களையும் சேர்த்து மூடுதல் வேண்டும். தொட்டிகளை வரிசையாக வைத்திருப்போர் பக்கங்களை மூடினால் அடுத்த தொட்டி மீனைக் கண்டு சண்டை பிடிக்கும் தொல்லையும் தீரும். புதிதாக மாற்றிய மீனுக்கு முதலிரு நாள் முன்கண்ணாடியையும் ஒரு சாக்கினால் மறைத்து வைத்தல் பலன் தரும். தொட்டியை நேர் வெயில் படும் இடத்தில் வைத்துக் கறுப்புப் பூசுவது மட்டும் கூடாது. கரிய கண்ணாடி வெப்பத்தை உறிஞ்சி நீரைச் சூடாக்கும். ஒரு பக்கம் மட்டும் சூடேறினால் கண்ணாடி வெடிக்கவுங் கூடும்.

கரிய தளத்திற் கழிவு கண்ணுக்கு எளிதிற் படாது. ஆகவே தூய்மையாக உள்ளதென ஏமாறாது குழாயினால் உறிஞ்சி அகற்றுதல் ஒழுங்காக நடைபெறல் வேண்டும். ஆனால் வெண்புள்ளி நோயின் உப்புத்தூள் போன்ற புள்ளிகள் கரிய பின்புறத்தில் விரைவிற் கண்ணுக்குத் தோன்றுவது ஒரு நன்மை. வெளிறுதல் எல்லாமே நோயன்று எனினும், வெளிறிய மீன் செட்டையை மடித்து நிற்குமாயின், இரையை மறுக்குமாயின், நீர்மட்டத்தில் வாய் பிளந்து மூச்சுவாங்குமாயின் அது சூழலின் நிறத்தாலானதன்று. நீரையும் நோயையும் ஆராய வேண்டும். எண்ணுவதற்காக வெள்ளைப் பிளாத்திக்குப் பேசினில் விட்ட மீன் சில நிமிடத்தில் வெளிறி, கரிய தொட்டிக்குத் திரும்பியதும் மீளுமாயின் அது நலமாக உள்ளதென்பதற்கு அதுவே சான்று. அம்மீனுக்கு மருந்து எதுவும் வேண்டியதில்லை. வாங்குவோருக்குக் காட்டும்போதும் வெள்ளைப் பேசினைத் தவிர்த்துக் கரிய பாத்திரத்தையே உபயோகித்தல் இலாபகரமானது.

பின்புறம் கருநிறத்தை மட்டுமே ஆளும் என்பதும் நினைவிற் கொள்ளத்தக்கது. மெலனினை மீன் தன் உடலிலேயே ஆக்கிக் கொள்ளும். மஞ்சளுக்கும் சிவப்புக்கும் காரணமாகிய கரொற்றினொயிட்டுகளை அது ஆக்க வல்லதன்று. இரையிலிருந்தே பெறல் வேண்டும். தவிட்டை மட்டும் தின்று வளர்ந்த மீனுக்கு எத்தகைய கரும்பூச்சும் சிவப்பைத் தராது. இறாற் தலையை அவித்து உலர்த்தி அரைத்த மாவும், பூசணியும், கீரை வகைகளும் கமக்காரர் வீட்டில் எளிதிற் கிடைக்கக் கூடியவை. இவற்றைச் சில வாரம் இரையிற் சேர்த்த பின்பே விற்பனைத் தொட்டிக்கு மாற்றுதல் நன்று.

மீன் வளர்ப்பிற் பயிற்சி பெற விரும்புவோர் தேசிய நீருயிரின வளர்ப்பு அபிவிருத்தி அதிகார சபையின் உத்தியோகத்தரை நாடலாம். குருணாகல் மாவட்டத்தின் இரம்பொடகல்லையில் அச்சபையின் அலங்கார மீன் இனப்பெருக்க, பயிற்சி நிலையம் அமைந்துள்ளது. தொட்டி ஒன்றே உடையோர் முதலிற் பின்கண்ணாடிக்குப் பொலித்தீன் ஒட்டி, அடியிற் கருஞ்சரளை பரப்பி, இரண்டு வாரம் மீனின் நிறத்தையும் இரை எடுக்கும் அளவையும் அவதானித்து, அதன் பின்னர் தீந்தைக்குப் பணம் செலவிடலாம்.